டைல்ஸ் வகுப்பில் என் வேலை

பெப்ரவரி 9, திங்கள்

நல்ல பனி. மடத்துவெளியிலிருந்து சைக்கிளில் போய்ச் சேர முன்னமே போட்டிருந்த சேட் ஈரம். அரசாங்கத்தின் இலவசப் பயிற்சி, டைல்ஸ் பதிக்கும் வேலை. முடிவில் ஒரு செய்முறைச் சோதனை. தேறினால் சான்றிதழ், கட்டட வேலைக்கு எடுப்பார்களாம். மாமா, நான் வேலைக்கு நின்ற குருநாகல் கடையை விற்றுவிட்டுக் கனடா போனதிலிருந்து எனக்கு வேலை இல்லை. வகுப்பில் வயதில் மூத்தவன் நான். மற்றவர்கள் பெடியள், அவர்களோடு தர்சினி என்றொரு பிள்ளை.

படிப்பிக்க வந்தவர் சுனில் மாஸ்டர், தெற்கிலிருந்து. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பெடியளுக்குச் சிங்களம் தெரியாது. எல்லாரும் முழித்துக்கொண்டு இருந்தோம். கடைசியில் நான் எழும்பி அவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து கடையில் பேசிய சிங்களம் அல்லவா.

"அண்ணை, நீங்கள் முன்னுக்கு வந்து நில்லுங்கோ," என்றாள் தர்சினி.

போய் நின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

பெப்ரவரி 12, வியாழன்

தொண்டை கட்டு. மனைவி சுகந்தி மல்லித் தண்ணீர் அவித்துத் தந்தாள். வாங்க: சவர்க்காரம், நுளம்புத்திரி, சைக்கிளுக்கு வால்வு ரியூப்.

மாஸ்டர் சொல்ல, நான் சொல்ல, பெடியள் செய்ய. இன்றும் அப்படியே. டைல்ஸ் வெட்டும் கட்டரைத் தொட நேரம் கிடைக்கவில்லை. ஒரு பெடியன் பகிடியாக என்னையும் மாஸ்டர் என்றான். சிரித்தேன். வீடு வரும்வரை அதுவே மனதில்.

பெப்ரவரி 15, ஞாயிறு

வெயில். குசினிக்குப் பின்னால் நிலம் வெடித்துக் கிடக்கிறது. மாமா வீட்டில் மிஞ்சிய டைல்ஸ் கொஞ்சம் எங்களிடம். "பழகுறியள்தானே, ஒட்டுங்கோவன்," என்றாள் சுகந்தி.

எந்தக் கரையில் தொடங்குவது, கலவை எவ்வளவு இறுக்கம், எல்லாம் வாயில் இருக்கிறது. கையில் இல்லை. இரண்டு வெட்டும்போதே உடைந்தது. ஒன்று ஒரு பக்கம் தாழ்ந்து போனது.

"நீங்கள் அங்க போய் என்னதான் செய்யிறியள்?"

"கதைக்கிறன்."

அவள் சிரிக்கவில்லை. "சோதனையும் கதைக்கிறதிலயா?"

பெப்ரவரி 17, செவ்வாய்

வகுப்பு முடிந்ததும் மாஸ்டரிடம் சிங்களத்தில் சொன்னேன்: நாளைக்கு நான் மற்றவர்களோடு நிலத்தில் இருந்து வேலை பழகப் போகிறேன். "அப்போ நான் எப்படிப் படிப்பிக்கிறது?" என்று கேட்டார். கோபமில்லை, உண்மையாகவே கேட்டார். பாவம் பெடியள். நான் செய்வது துரோகமா? படிக்க வந்தவன் படிப்பது எப்படித் துரோகம்? ஒன்றும் விளங்கவில்லை.

பெப்ரவரி 18, புதன்

காற்று. பின்வரிசையில் இருந்தேன். முதலில் ஒரே அமைதி. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்துகொண்டேன்.

பிறகு மாஸ்டர் முழங்காலில் இருந்து, தானே ஒரு டைல்ஸ் வெட்டிக் காட்டினார். தர்சினியிடம் கட்டரைக் கொடுத்தார். அவள் பிழையாக வெட்டிய இடத்தில் விரல் வைத்தார். திரும்ப வெட்டச் சொல்லிக் கை காட்டினார். கொஞ்ச நேரத்தில் பெடியள் அவரையே சுற்றி நின்றார்கள். மத்தியானத்துக்குள் சிரிப்புச் சத்தம். நான் சொல்லும்போது இப்படி ஒருநாளும் சிரித்ததில்லை.

என்னை ஒருவரும் தேடவில்லை. நான் கேட்டது இதைத்தானே. பிறகு ஏன் சோறு இறங்கவில்லை?

பெப்ரவரி 20, வெள்ளி

மூன்று டைல்ஸ் உடையாமல் வெட்டினேன். நான்காவது மூலை போய்விட்டது.

தேநீர் நேரம் பிரதேச செயலகத்திலிருந்து கலைவாணி மிஸ் போன். வகுப்புகளை ஒழுங்குபடுத்துபவர் அவர்தான். நெடுந்தீவில் திங்கள் ஒரு வகுப்புத் தொடங்குகிறதாம், அங்கேயும் சிங்கள ஆசிரியராம். மொழிபெயர்க்கிறவராக என்னை எடுக்கிறார்களாம், நாட்சம்பளத்துக்கு.

"அப்ப இஞ்ச படிக்கிறது, மிஸ்?"

"அதை விடவேண்டித்தான் வரும், அண்ணை."

சம்பளம். கையில் வந்த வேலை. ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஏலாது மிஸ். நான் இதை முடிக்கவேணும்."

"நீங்கள் வராட்டி அங்க வகுப்பு நடக்காது."

"நடக்கும் மிஸ். முதல் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பினம். பிறகு நடக்கும்."

போனை வைத்துவிட்டுக் கட்டரைத் திரும்ப எடுத்தேன். செய்தது புத்தியா, விசரா? சோதனையில் தேறாவிட்டால்? தெரியவில்லை.

சுகந்திக்கு இன்னும் சொல்லவில்லை. மீன் பொரிக்கிறாள். இப்போது போய்ச் சொல்லவேண்டும்.