கோயில் மேளம் தானாக அடித்த நாள்

பதுளை,
மார்கழி 3.

அன்பு மகள் சுதர்ஷினிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகமாக, ஒழுகாத கூரைக்குக் கீழே இருக்கிறோம். அந்த நோர்வே பனியிலும் உனக்கு ஒரு குறையும் வராமல் மாரியம்மன் பார்த்துக்கொள்வாள். அப்பாவின் இருமல் குறைந்துவிட்டது, ஆனாலும் மழையில் குடை இல்லாமல் கடைக்குப் போகிறார், நீ ஒரு வார்த்தை சொல். அன்று போனில் எல்லாரும் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லி அழுதுவிட்டேன். முப்பது வருசம் செய்தி எழுதியவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, அதனால் ஒழுங்காக எழுதுகிறேன்.

தை மாதம் லுணுகலைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில், மண் அசைவை அளக்கும் கம்பங்களை நட்டு நீயும் உன் ஆய்வுக் குழுவும் எச்சரிக்கைக்கு ஆலைச் சங்கை ஊதிப் பார்த்தது உனக்கு மறந்திருக்காது. சங்கு கேட்டதும் லயத்தின் வரிசை வீடுகளில் இருந்த சனமெல்லாம் கொழுந்துக் கூடையோடு பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் அந்த இடத்தில் வந்து நின்றது. மலை சரிந்தால் மண் முதலில் மூடுகிற இடமும் அதுதான். “ஞாயித்துக்கெழமையும் பெரட்டா, தொரைக்குத் தூக்கமே வராதா?” என்று கொழுந்து பறிக்கும் பெரியாயி கேட்க எல்லாரும் சிரித்தார்கள், நீ சிரிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்தக் காதுகளுக்குச் சங்கு என்றால் வேலைக்கு வா என்றுதான் அர்த்தம். பிறகு, பாறை மேட்டுக் கோயிலில் பூசைக்கு மணியோடு அடிக்கும் மின்மேளத்தோடு கம்பங்களை இணைக்கலாம் என்று நீ சொன்னபோது கோயில் தலைவர் இராமையா, “சாமிக்கு அடிக்கிற மேளத்த மண்ணுக்கு அடிக்கிறதாம்மா?” என்று முகம் சுளித்தார். “ஆளு இருந்தாத்தானே தலைவரே பொங்க வைக்க, ஒங்க ஒருத்தருக்காகவா ஆத்தா அங்க ஒக்காந்திருக்கா?” என்று பெரியாயிதான் அவர் வாயை அடைத்தாள்.

போன வாரம் விடாத மழை. வியாழக்கிழமை பிற்பகல், கரண்டும் இல்லாத நேரத்தில், நீங்கள் வைத்த பெட்டரியில் மேளமும் மணியும் அடிக்கத் தொடங்கின. பழக்கியபடியே சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. இராமையாவுக்கு மட்டும் மண் நினைவே வரவில்லை. சாவி தன் இடுப்பில் இருக்கையில் யார் பூசையைத் தொடங்கினார்கள் என்ற கோபத்தில், “எவன்டா அது எனக்குத் தெரியாம?” என்று திட்டிக்கொண்டே கடைசி ஆளாக ஏறினார். வந்து பார்த்தால் கதவு பூட்டியபடி இருக்கிறது, உள்ளே மேளம் அடிக்கிறது, வெளியே சனம் நனைகிறது. அவர் பூட்டில் கை வைத்தபோது கீழே லயம் மண்ணுக்குள் போய்விட்டது. “படுத்திருந்த மாடு எந்திரிக்கிற மாதிரி மல எந்திரிச்சுச்சு” என்றாள் பெரியாயி.

மறுநாள் பாதை உடைந்த இடத்திலிருந்து நடந்து போனேன். லயமும் இல்லை, களமும் இல்லை, ஓடை வரைக்கும் சிவப்பு மண். எந்தச் சரிவுக்குப் போனாலும் முதலில் கேட்பதைத்தான் அன்றும் கேட்டேன், எத்தனை பேர் என்று. “எல்லாரும்” என்றாள் பெரியாயி. குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டேன். “எல்லாரும் பள்ளிக்கூடத்துல இருக்கோம், சோறு வேகுது, வாங்க” என்றாள். எங்கோ ஒரு பல்கலைக்கழக அறையில் நீங்கள் போட்ட கணக்கு, பூட்டிய கோயிலுக்குள் மேளமாக அடித்து ஒரு லயத்தையே மேலே கூப்பிட்டது என்பதைப் பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதியதை நானே நம்பமுடியாமல் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆய்வு இந்த வருசத்தோடு நின்றால் எண்ணெய்க் கம்பனி வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டிருந்தாய். போகாதே என்று சொல்லமாட்டேன், ஆனால் தெரிந்ததை மறைக்கவும் எனக்கு வராது. தோட்டத்தின் கீழ்ப்பிரிவுச் சனமும் இப்போது கம்பம் கேட்கிறது. அங்கே கோயில் இருப்பது சரிவுக்குக் கீழே, மேளம் அடித்தால் நேராக மண்ணுக்குள் ஓடுவார்கள். வேறு எந்தச் சத்தத்துக்கு மேலே ஓடுவீர்கள் என்று கேட்டேன். “பாண் ஆட்டோ பாட்டுக்குத்தான், அதுதான் மேல் ரோட்டுல நிக்கும்” என்று ஒருத்தி ரொட்டி விற்க வரும் வண்டியைச் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள், பிறகு மலையைப் பார்த்தார்கள். தினமும் கேட்கிற பாட்டுக்கு மழையில் யார் ஓடுவார்கள்? 

வேளைக்குச் சாப்பிடு, காலுறை ஈரமாக இருந்தால் உடனே மாற்று. நீ எடுக்கும் முடிவு எதுவானாலும் எங்கள் ஆசி உன்னோடு. பங்குனியில் இடி மழை தொடங்கிவிடும் என்பதை மட்டும் மறக்காதே, அதற்குள் அவர்களுக்கு ஒரு சத்தம் வேண்டும்.

உன்னை நினைத்தபடி,
அம்மா கலாராணி