அக்காவின் தோல் ஒட்டிய தட்டு

ஓசூர்
3.6.2024

அன்பு முனிலட்சுமி அக்காவுக்கு,

மாதேஸ்வரி எழுதுவது. கொதி ஆவி பட்ட காலில் எரிச்சல் தணிந்ததா? போனில் சொல்ல வாய் வரவில்லை. திம்மராயன் மாமா கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

காயத்தில் ஒட்டுவதற்காக உங்கள் தொடையில் எடுத்த தோல் துண்டை, நான் இப்போது வேலை செய்யும் லேபில்தான் வளர்க்கிறார்கள். இரண்டு முறையும் செல்கள் செத்துப்போயின. உங்கள் செல்லுக்கு வலுவில்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தப்பு என்னுடையது அக்கா.

உங்கள் செல்லை விடும் தட்டுகளை எடுத்து வைப்பது என் வேலை. அடியில் மெல்லிய ஏடு படிந்திருந்தது. மாங்கூழ் கம்பெனியில் உங்களோடு நாலு வருஷம் இருந்த கை சும்மா இருக்குமா? ஏனத்தில் ஏடு தெரிந்தால் மறுபடி கழுவுவதுதானே நம் பழக்கம். சுத்தமான சுடுநீரால் அலசிவிட்டேன்.

அது அழுக்கில்லை, கொலாஜன். நம் தோலுக்கு அடியில் இருக்கும் அதே நார்ப்புரதம். செல் அதைப் பற்றிக்கொண்டால்தான் உயிரோடு இரு, பெருகு என்ற சேதி உள்ளே போகுமாம். பற்ற இடமில்லாவிட்டால், தீனி இருந்தும் தானாகவே செத்துவிடுமாம். நேற்று எங்கள் லேப் பொறுப்பாளர் அருணா மேடம் புதுப் பெண்ணுக்கு விளக்கும்போது கேட்டேன். நான் கழுவியது எதை என்று அப்போதுதான் தெரிந்தது.

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் தோல் ஒட்டும் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிடுவார்கள்.

உங்கள்
மாதேஸ்வரி


கிருஷ்ணகிரி
5.6.2024

மாதேஸ்வரிக்கு,

படித்ததும் கிழித்துப் போடத் தோன்றியது. "உங்க தோலு வளரலம்மா, காயம் மூடலைன்னா கால எடுக்க வேண்டி வரும்" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து உன் மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. நான் என் உடம்பையே திட்டிக்கொண்டு கிடக்கிறேன். நீ என்னடா என்றால் உட்கார்ந்து யோசிக்கிறாய். ஏம்மே, என் காலா, உன் வேலையா?

ஒன்று மட்டும் நிஜம். கம்பெனியில் பக்கத்தில் நின்று "இன்னொரு தண்ணி ஊத்துமே" என்று உன்னை விரட்டியவள் நான்தான். பாதித் திட்டு எனக்கு. மீதியை நீ வாங்கிக்கொண்டு, நாளைக் காலையில் முதல் வேலையாக மேடத்திடம் சொல். வேலை போனால் என் வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது.

முனிலட்சுமி


ஓசூர்
29.6.2024

அக்கா,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன். மேடம் நான் கழுவிய தட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு, "கழுவக் கூடாதுன்னு உனக்கு யாருமே சொல்லலையே" என்றார். வேலை போகவில்லை.

உறைய வைத்த உங்கள் செல்லில் ஒரே ஒரு குப்பி மிச்சம் இருந்தது. அதை ஏடு கலையாத தட்டில் விட்டார்கள். மறுநாள் மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். முன்பு உருண்டு மிதந்தவை, இப்போது கால் பரப்பி உட்கார்ந்திருந்தன. மேடம் தட்டை லேசாக ஆட்டினார். ஒன்றுகூட நகரவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

இப்போது தட்டு முழுக்கத் தோல். இன்று காலை உங்கள் ஆஸ்பத்திரிக்கு வண்டி கிளம்பிவிட்டது. வலுவில்லை என்று இனி யார் சொல்வார்கள், பார்க்கிறேன்.

மாதேஸ்வரி


கிருஷ்ணகிரி
11.8.2024

கண்ணு மாதேஸ்வரி,

கட்டுப் பிரித்து ஒரு மாசம் ஆகிறது. ஒட்டியது ஒட்டியதுதான். பிரித்த அன்றே டாக்டர் ஓரத்தில் மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டு மற்ற டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். காலை எடுக்க வேண்டும் என்றவரும் வந்தார். "நல்ல தோலும்மா" என்றார். "தெரியும் சார்" என்றேன். வார்டே சிரித்தது.

உன் மேல் இருந்த கோபமும் போய்விட்டது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். வியாழக்கிழமை ஓசூர் வருகிறேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து உன் வீடு ரெண்டு கிலோமீட்டர் என்கிறார் மாமா.

ஆட்டோ பேசி வைக்காதே. நடந்து வருவேன்.

உன் அக்கா
முனிலட்சுமி