பஸ் இலி

மைசூர்
15.9.1996

அன்பு மகள் ரூபாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவின் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சுகம். பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கச் சாமுண்டியம்மன் துணை இருப்பாள். உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சி ஜீவிதா ஒழுங்காகக் காலேஜுக்குப் போகிறாளா என்று கேட்டிருந்தாய். போகிறாள். எப்படிப் போகிறாள் என்று எழுதினால் சிரிப்பாய், பரவாயில்லை, இங்கே ஏற்கனவே எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

நம் காலனி வழியாகப் போகிற ஏழரை மணி பஸ் நிற்காமல் போவது உனக்குத் தெரியும். ஜீவிதா தினமும் ரைஸ் மில் ஸ்டாப் வரை மூன்று மைல் நடந்து, அங்கே எந்த பஸ்ஸில் இடம் கிடைக்கிறதோ அதில் தொங்கி, முதல் வகுப்பு முடிந்த பிறகுதான் போய்ச் சேருவாள். போன மாதம் காலேஜில் கூப்பிட்டு, அட்டெண்டன்ஸ் இப்படியே போனால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா உடனே, பக்கத்து வீட்டுப் பெண் வடிவோடு ஊதுபத்தி கம்பெனிக்குப் போகட்டும் என்று ஆரம்பித்தாள். நான் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்தவர் நல்ல மனுஷர்தான், நாற்காலி கொடுத்தார். பெயர்ப்பலகை உள்ள ஸ்டாப்பில்தான் பஸ் நிற்கும் என்றார். பலகை எப்போது வைப்பீர்கள் என்று கேட்டேன். ஸ்டாப் ஆனதும் வைப்போம் என்றார்.

இருபது வருஷமாக ஊரார் சுவருக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறவன் ஒரு பலகைக்கு அடிக்க மாட்டேனா. ஜீவிதா ரேஷனுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, பஸ் இங்கே என்பதற்குக் கன்னடத்தில் ‘பஸ் இல்லி’ என்று எழுதி ரோட்டோரம் நட்டுவிட்டேன். எனக்குக் கன்னடம் பேச வருமே தவிர, எழுத்து கடைப் பலகைகளைப் பார்த்துக் கற்றதுதான். ஒரு எழுத்தின் காலடியில் இன்னொரு குட்டி எழுத்தைத் தொங்கவிடுவார்களே, ஒத்து, அதை இத்தனை நாளும் அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். சிவப்பு பார்டர் அடித்த பிறகு கீழே அதற்கு இடமும் இல்லை, விட்டுவிட்டேன். பெட்டிக்கடை கௌரம்மா பார்த்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒத்து இல்லாவிட்டால் இல்லி என்பது இலி ஆகிவிடுமாம். இலி என்றால் எலி, உனக்குத் தெரியாததா. பஸ் எலி என்று எழுதி நட்டிருக்கிறேன். ஜீவிதா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆனால் திங்கட்கிழமை டிரைவர் பலகையைப் படிக்க வேகத்தைக் குறைத்தார் பார், அதற்குள் ஜீவிதாவும் இன்னும் நாலு பிள்ளைகளும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். கண்டக்டர் தொட்டையன் திட்ட வாயெடுத்தவர், சிரித்த சிரிப்பில் திட்ட மறந்துவிட்டாராம். மறுநாள் வண்டியில் இருந்தவர்களே எலி எங்கே எலி எங்கே என்று கேட்டு நிறுத்தச் சொன்னார்களாம். ஒரு வாரத்தில் தொட்டையன் ‘இலி ஸ்டாப், இளீரி இளீரி’ என்று இறங்கச் சொல்லிக் கத்தத் தொடங்கிவிட்டார். பாஸ் எடுக்கப் போன இடத்தில் ஸ்டாப் பெயர் கேட்டதும் ஜீவிதா வெட்கப்பட்டு நிற்க, பக்கத்தில் நின்ற தொட்டையனே இலி ஸ்டாப் என்று எழுதச் சொன்னாராம். எழுதி முத்திரையும் குத்திவிட்டார்கள். இப்போது நம் காலனியில் பதினொரு பிள்ளைகளிடம் பாஸ் இருக்கிறது.

நேற்று, மானம் போகிறதே என்று விட்டுப்போன அந்த ஒத்து எழுத்தைச் சேர்க்க ஏணி போட்டு ஏறினேன். ஜீவிதா ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு, இறங்குப்பா, இல்லின்னு எழுதுனா அது எல்லா ஊருக்கும் பொது, இலின்னாத்தான் நம்ம ஸ்டாப்பு, பாஸ்லயும் அதான் இருக்கு என்றாள். இறங்கிவிட்டேன்.

ரூபா, நீ பத்தாவது பாஸ் பண்ணின வருஷமும் இதே பஸ்தான் நிற்காமல் போனது. என் கையிலும் இதே பிரஷ்தான் இருந்தது. உன்னை ஊதுபத்தி உருட்ட அனுப்பினேனே தவிர ஒரு பலகை எழுதத் தோன்றவில்லை. அதை நினைத்தால் மனசு ஆறமாட்டேன் என்கிறது. நீ ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை, அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அங்கே வாசலிலேயே பஸ் நிற்கிறது என்று எழுதியிருந்தாயே, சாயங்கால வகுப்பு ஏதாவது இருந்தால் மாப்பிள்ளையிடம் சொல்லிச் சேர்ந்துவிடு.

எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போட மறக்காதே. தசராவுக்கு வரும்போது பஸ் ஸ்டாண்டில் காலனிப் பெயரைச் சொல்லாதே, ஒருவருக்கும் தெரியாது. எலி என்று சொல்லு, கன்னடத்தில். நம் வாசலில் இறக்கிவிடுவார்கள்.

இப்படிக்கு
உன் அப்பா
ரத்தினசாமி
இலி ஸ்டாப், மைசூர்