நான் குடிக்காத காபி

அன்பு மகன் மைதமுக்கு,

உன்மீது சாந்தி உண்டாகட்டும். நீ சீனாவில் சுகமாகப் படிக்கிறாய் என்று அறிந்து மனம் குளிர்ந்தது. இங்கே அல்லாஹ் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. குச்சியால சோறு தின்னா எம்புள்ளைக்கு எப்பதான் வயிறு நிறையும் என்று முன்பெல்லாம் தினமும் புலம்பும் உன் அம்மா இப்போது அதைக்கூடக் கேட்பதில்லை. பழைய கம்பெனிக்காரர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள், நம் எண்ணெய்க் கிணறுகள் இப்போது சீனாக்காரர்கள் கையில். ஒரே ஆளையே நம்பி எண்ணெய் விற்றால் அவன் வைத்ததுதான் சட்டம், நாலு நாட்டோடு உறவு இருந்தால்தான் நமக்கு மதிப்பு என்று உன் அண்ணன் ஹாஷிம் செய்தி கேட்டுவிட்டு விளக்குகிறான். இருக்கலாம். ஆனால் யார் வந்தாலும் நம் வீட்டுக்குப் பின்னால் கழிவு வாயுவை எரிக்கிற அந்தக் குழாய் எரிந்துகொண்டேதான் இருக்கிறது. உன் அண்ணி ஹவ்ராவுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை குழந்தை தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும், மூன்றாவது ஆறாம் மாதத்தில் இருந்தது, இந்தப் புகையிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்றாள் டாக்டரம்மா. எங்கே போவது?

போன மாதம் பாக்தாத்திலிருந்து வந்த அதிகாரி கம்பெனி முகாமில் ஊர்ப் பெரியவர்களுக்கு விருந்து வைத்தான். நான் காபிக் கிண்ணத்தை வாங்கிக் குடிக்காமல் தரையில் வைத்தேன். கேட்டதைத் தருவதாக வாக்குக் கொடுத்தால்தான் குடிப்பேன் என்று அர்த்தம், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீனாக்கார மேனேஜர் பாவம், காபி ஆறிவிட்டது போல என்று வேறு ஊற்றச் சொன்னார், அதையும் வைத்தேன், உடனே இன்னொன்று வந்தது, அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதிகாரிக்கு எல்லாம் தெரியும், அவன் அப்பனும் இப்படிக் கிண்ணம் வைத்தவன்தான். நான் வாய் திறக்கும் முன்பே, குடிங்க அபூ ஹாஷிம், உங்க சின்னவன் சீன மொழி படிக்கிறானாமே, மொழிபெயர்ப்பாளர் வேலை அவனுக்குத்தான், இது என் வாக்கு என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். நீ அந்த வேலைக்கு எவ்வளவு ஏங்குகிறாய் என்று தெரியும் மகனே, நீ வாசலில் வந்து நிற்பதுபோலவே இருந்தது. ஆனால் குடித்துவிட்டால் அதன்பிறகு நெருப்பைப் பற்றிப் பேச எனக்கு வாய் கிடையாது. குடிக்கவில்லை. மருமக பிரசவிக்கிற வரைக்கும் அந்தக் குழாய மூடுங்க, வேற ஒண்ணும் வேணாம் என்றேன். அணைச்சா கிணறே வெடிச்சிரும், பெரியவருக்கு எண்ணெய் சமாச்சாரம் என்ன தெரியும் என்று அவன் சிரித்தான், நம் ஊர்க்காரர்களும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். உன் வேலையும் அத்தோடு போயிற்று. என்மேல் கோபப்படு, உனக்கு உரிமை இருக்கிறது.

அடுத்த வாரமே இன்னொரு நாட்டு மந்திரி ஒப்பந்தம் போட வந்தார். அன்று காலை எழுந்தால் பின்பக்கம் சத்தமே இல்லை, நெருப்பு அணைந்திருந்தது. விருந்தாளிகள் சட்டையில் கரி விழக்கூடாதாம். மூன்று நாள் அப்படியே கிடந்தது, எந்தக் கிணறும் வெடிக்கவில்லை, ஹவ்ரா ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கினாள். விருந்தாளிகள் கார் ஏறியதும் மறுபடி கொளுத்திவிட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் வயிற்றில் அசைவு நின்றுவிட்டது. பெண் குழந்தை. ஹாஷிமும் நானும்தான் அடக்கம் செய்தோம்.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. ஹவ்ராவோடு பேசும்போது நீயாக எதுவும் கேட்காதே, அவள் சொன்னால் கேட்டுக்கொள். அல்லாஹ் உன்னைக் கைவிடாமல் காப்பான், அம்மா உன் நெற்றியில் முத்தமிடச் சொன்னாள். மறக்காமல் எனக்கு ஒன்று செய். மூன்று நாள் அணைத்தீர்களே, அதை மறுபடி செய்யுங்கள், எங்கள் மருமகளுக்குப் பிள்ளை பெற இன்னும் வயது இருக்கிறது என்று அந்த மேனேஜருக்கு அவர் மொழியிலேயே எழுதி அனுப்பு. நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுக்கிறேன், நடுவில் நம் ஆள் யாரும் வேண்டாம். அடியில் என் பெயரைப் போடாதே. சுகைனா என்று போடு, குழந்தைக்குப் பெயர் வைத்துத்தான் அடக்கம் செய்தோம்.

இப்படிக்கு,
உன் அப்பா
அபூ ஹாஷிம்