காப்புக் கட்டிய வாரத்தில் வந்த கார்டு

1982 ஜனவரி 4, திங்கள்

பால்வாடியில் இன்று இருபத்திரண்டு பிள்ளைகள். கோதுமை உப்புமா அடிப்பிடித்துவிட்டது. என் புத்தி அடுப்பில் இல்லை. பூபதி அக்காவை மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து மூன்று நாள் ஆகிறது. கரண்டு வைக்கிறார்கள். மிஷினை மேலே நிறுத்திவிட்டு எல்லோரும் அறையை விட்டு வெளியே போய்விடுவார்களாம். "நான் மட்டும் உள்ளார கெடக்கிறேன்டி திரௌபதி. அவங்களுக்கே பயமா இருக்கிறத எனக்கு வெக்கிறாங்க" என்றாள்.

கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். வெகுதூரம் பரவிவிட்டது என்கிறார் டாக்டரம்மா. போன வருஷமே வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வந்தோமே! போன ஏப்ரலில் பழவேற்காட்டுக்கு இந்த ஆஸ்பத்திரி வேன் வந்து முகாம் போட்டார்களே. நான்தான் அக்காவைத் தோணியில் ஏற்றிக் கூட்டிப்போனேன். வெட்கத்தில் வரமாட்டேன் என்று அடம் பிடித்தவளைத் திட்டித் திட்டி அழைத்துப்போனேன். குச்சியால் தடவி, கண்ணாடித் துண்டில் பூசி எடுத்துக்கொண்டார்கள். கோளாறு இருந்தால் மட்டும் கார்டு வரும், இல்லையென்றால் வராது என்று சொல்லி அனுப்பினார்கள். கார்டு வரவில்லை. அக்கா அம்மனுக்குப் பொங்கல் வைத்துத் தெருவுக்கே கொடுத்தாள். நான் இரண்டு முறை வாங்கித் தின்றேன்.

பிறகு உதிரம் பட்டபோதும், நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். கார்டுதான் வரவில்லையே!

எங்கே தப்பு நடந்தது?

பிப்ரவரி 19

அக்கா போய்விட்டாள்.

மார்ச் 2

பதினோரு நாளும் பெரியதனக்காரர் வீட்டம்மா கஸ்தூரியம்மாள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து என் வாயில் ஊற்றினாள். பெரியதனக்காரர் வீரராகவனும் பாடைக்குத் தோள் கொடுத்தார். ஊர்த் தலைவர் எல்லாச் சாவுக்கும் தோள் கொடுப்பதில்லை. நல்ல மனுஷர்.

மார்ச் 14

மேலே எழுதியதை அடிக்க வேண்டும். அடிக்க மாட்டேன். இருக்கட்டும். நான் எவ்வளவு ஏமாளி என்று எனக்கே தெரிய வேண்டும்.

இன்று பாடு சீட்டு. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடலாம் என்று முறை வைப்பதைத்தான் பாடு என்கிறோம். அந்தச் சீட்டுகள் பெரியதனக்காரர் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிப் புதுச் சீட்டு எழுதுவார்கள். என் வீட்டுக்காரர் தனசேகர் சீட்டு எடுக்கப் போனவர், மடித்த ஒரு கார்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்.

"பொட்டிக்கு அடில கெடந்துது. உங்க அக்கா பேரு மாதிரி கீதே, படிச்சுப் பாரு."

பூபதி, வயது நாற்பத்து மூன்று. உடனே ஆஸ்பத்திரிக்கு வரவும். பழவேற்காடு தபால் ஆபீஸ் முத்திரை: 1981 மே 2.

முந்நூற்றுப் பதினாறு நாள். இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

மார்ச் 15

போனேன். பெரியதனக்காரர் வலை கோத்துக்கொண்டிருந்தார். கார்டை முகத்துக்கு நேரே நீட்டினேன். இந்தக் குப்பத்துக்குப் போஸ்ட்மேன் வருவதில்லை. அந்தக் கரையிலேயே தோணிக்காரனிடம் கொடுத்துவிடுவார். கடிதம் எல்லாம் மொத்தமாகப் பெரியதனக்காரர் வீட்டுக்குத்தான் போகும். எங்கள் பாட்டன் காலத்திலிருந்து அப்படி.

"காப்பு கட்டின வாரம்மா அது" என்றார். "எனக்குப் படிக்கத் தெரியாது. ஆஸ்பத்திரி கார்டுன்னு தெரிஞ்சுது. காப்பு கட்டிக்கினு ஒரு ஊட்டு வாசல்ல நின்னு நோவு சேதி சொன்னா அம்மனுக்கு ஆவாது. ஊருக்கே ஆவாது. பத்து நாளு போவட்டும், அவுத்தப்புறம் குடுக்கலாம்னு பொட்டில போட்டேன். அப்புறம் இறா நல்லா பட்டுது... மறந்துட்டேன்."

மறந்துட்டாராம்! எவன் பாடு எந்த நாள் என்று ஏழு வருஷத்துக்கு மூச்சு விடாமல் சொல்லுவார். மறந்துட்டாராம்!

"உங்க ஊட்டம்மா பேரு அதுல இருந்தா மறந்திருப்பீங்களா?" என்று கேட்டேன். அவர் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

மார்ச் 16

வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றலாம் என்று போனேன். கையில் மண்ணும் எடுத்துவிட்டேன். திரும்பி வந்துவிட்டேன். மண் தூற்றினால் என்ன, ரெண்டு நாள் பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. எனக்கு அது போதாது. அந்தாள் துடிக்கணும். நான் எண்ணின மாதிரி அவர் எண்ணணும், நாள் நாளா.

ஏப்ரல் 7

மெட்ராஸ் போய் டாக்டரம்மாவையும் கேட்டுவிட்டு வந்தேன். "கார்டு போட்டீங்க, சரி. ஒருத்தி வரலையே, ஏன் வரலைன்னு நீங்க ஏன் தேடல?" அவர் நோட்டை எடுத்துப் பார்த்தார். பூபதி என்ற பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதியிருந்தது. அழகான கையெழுத்து. எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இனிமேல் எங்கள் குப்பத்துக் கார்டு எல்லாம் பால்வாடி டீச்சரான என் விலாசத்துக்கு வரும். பழவேற்காடு ஆஸ்பத்திரி ஆயா லத்தீபா தானே வாங்கித் தோணியில் கொடுத்தனுப்புகிறேன் என்றாள்.

1983 ஜனவரி 22

மறுபடியும் முகாம். நாற்பத்தோரு பெண்களைக் கூட்டிப்போனேன். கஸ்தூரியம்மாளும் வந்தாள். "நீ கூப்பிட்டா நான் வரமாட்டேனா?" என்றாள்.

"நீங்க படுக்கலியா டீச்சரம்மா?" என்று லத்தீபா கேட்டாள். அடுத்த தடவை என்றேன். எல்லோருக்கும் புத்தி சொல்கிறவள் நான். எனக்கும் பயம்தான்.

பிப்ரவரி 17

ஒரே ஒரு கார்டு.

வீ. கஸ்தூரியம்மாள். உடனே ஆஸ்பத்திரிக்கு வரவும்.

கதவைச் சாத்திவிட்டு அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மன் இருக்கிறாள். நான் கேட்டதைக் கேட்ட மாதிரியே கொடுத்துவிட்டாள். கோதுமை மூட்டைக்கு அடியில் வைத்தேன்.

பிப்ரவரி 18

ஒரு நாள். இன்னும் முந்நூற்றுப் பதினைந்து.

பிப்ரவரி 20

இன்று அவர் கரையில் யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தார். வாயெல்லாம் பல். சிரி. நல்லா சிரி. உன் வீட்டுச் சேதி என்கிட்ட கீது.

பிப்ரவரி 22

தனசேகர் கேட்டார், "இன்னா, ரெண்டு நாளா பாட்டு பாடிக்கினு வேல செய்ற?" பாடினேனா? எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 23

கஸ்தூரியம்மாள் குடத்தோடு பால்வாடி வழியாகப் போனாள். என்னைப் பார்த்து, "சாப்ட்டியா?" என்றாள். அந்தக் கஞ்சியை நினைத்துக்கொண்டேன். நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். அக்காவுக்கும்தான் கஞ்சி பிடிக்கும். அவளுக்கு யார் ஊற்றினார்கள் கடைசியில்? ஆஸ்பத்திரியில் ட்யூப் வைத்துத்தானே ஊற்றினார்கள்?

இவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்மேல்தான். ஆனால் அவருக்கு வலிக்க வேண்டுமென்றால் வேறு எங்கே அடிப்பது?

பிப்ரவரி 25

லத்தீபா ஆள் அனுப்பியிருந்தாள். கார்டு கைக்கு வந்ததா, அந்த அம்மாவிடம் சொன்னேனா என்று. சொல்லிவிட்டேன் என்று பொய் சொல்லி அனுப்பினேன். முகாமில் நான் அக்காவிடம் என்ன சொன்னேன்? "ஒண்ணும் ஆவாது, நான் இருக்கேன்ல" என்றேன். அதையேதான் கஸ்தூரியம்மாளிடமும் சொல்லிக் கூட்டிப்போனேன்.

பிப்ரவரி 26, சனி

ஒன்பதாம் நாள்.

பிள்ளைகள் போன பிறகு கஸ்தூரியம்மாள் வந்தாள். கையில் தூக்கு. திறந்தால் சர்க்கரைப் பொங்கல்.

"எனக்கு கார்டு வரலியே டீச்சரு! மாசம் ஒண்ணாச்சு. அப்ப நான் நல்லா கீறேன்னுதான அர்த்தம்? அம்மனுக்கு வெச்சேன். மொதல்ல உனக்குத்தான், நீதான கூட்டிப்போன."

என் உள்ளங்கையில் ஒரு கை அள்ளி வைத்தாள். சூடாக இருந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதே பொங்கல். அதே வார்த்தை. அக்கா வந்து நின்ற மாதிரி – இல்லை, அக்கா நின்றிருந்தால் என் கன்னத்தில் அறைந்திருப்பாள். மூட்டையைத் தூக்கிக் கார்டை எடுத்துக் கொடுத்தேன். இன்றைக்குத்தான் வந்தது என்றேன். அவளுக்கும் படிக்கத் தெரியாது. படித்துச் சொன்னேன். அவள் தூக்கை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, திரும்பத் திரும்ப மூடிக்கொண்டே இருந்தாள்.

தோற்றுவிட்டேன் அக்கா.

மார்ச் 1

நானே கூட்டிப்போனேன். மீஞ்சூர் வழியாக ரயிலில் போனோம். அவரும் வந்தார். கார்டை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாதவருக்கு அதில் என்ன இருக்கிறது?

ஆரம்பம்தானாம். சின்ன ஆபரேஷன் போதுமாம். டாக்டரம்மா சிரித்தார். "இப்படி வந்தா எவ்வளவு நல்லாயிருக்கு பாருங்க." பாத்ரூமில் போய் அழுதேன். கஸ்தூரியம்மாளுக்காக அழுதேனா, அக்காவுக்காகவா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஏப்ரல் 10

அவர் ஒரு கூடை இறாலோடு வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிடவில்லை.

"இறா வாணாம். ஒரு வேலை கீது, செய்வீங்களா?"

"சொல்லும்மா."

"இனிமே ஆஸ்பத்திரி கார்டு எல்லாம் நீங்கதான் அந்தக் கரையில லத்தீபாகிட்ட வாங்கிக் கொண்டுபோவணும், பேரு அவ படிச்சுச் சொல்லுவா. ஆள் விடக்கூடாது. உங்க கையால. ஒவ்வொரு ஊட்டு வாசல்லயும் நின்னு, அந்தப் பொம்பள கைலயே குடுத்து, கைநாட்டு வாங்கணும். வந்த அன்னிக்கே."

"பொம்பளைங்க சமாச்சாரம்மா... நான் எப்டி..."

"காப்பு கட்டியிருந்தாலும்."

அதற்குத்தான் முகம் செத்துப்போனது. பிறகு தலையாட்டிவிட்டு இறாலைத் தூக்கிக்கொண்டு போனார். ஊர்த் தலைவர் பொம்பளை நோவுக் கார்டைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போவதைக் குப்பமே பார்க்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் உயிரோடு இருக்கிறேன்.

டாக்டரம்மாவிடமும் பேசிவிட்டேன். கோளாறு இல்லாதவர்களுக்கும் இனி வெள்ளைக் கார்டு வரும், கோளாறு என்றால் மஞ்சள். கார்டே வராவிட்டால் தபாலில் தப்பு என்று எந்தப் பெண்ணுக்கும் தெரிந்துவிடும். பத்து நாளில் ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் லத்தீபா தோணி ஏறி வருவாள்.

1984 பிப்ரவரி 12

முப்பத்தெட்டு வெள்ளை, இரண்டு மஞ்சள். அவர் தெருவில் நடந்தபோது வலைக்காரர்கள் விசில் அடித்தார்கள். "பெரியதனம் பொம்பள போஸ்ட்மேன் ஆயிட்டாருடா!" நான் பால்வாடி ஜன்னலில் நின்று கடைசி வீடுவரை பார்த்தேன். இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது, இனித்தது.

1985 பிப்ரவரி 20

இந்த முறை யாரும் விசில் அடிக்கவில்லை. அவர் வந்தால் பெண்கள் எழுந்து நின்று ஈரக் கையைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

1987 ஏப்ரல் 11

முகாம். லத்தீபா என் கையைப் பிடித்து இழுத்துப் படுக்க வைத்தாள். "நாலு வருஷமா அடுத்த தடவ, அடுத்த தடவன்னு!" எனக்கு நாற்பது ஆகிறது.

மே 6, புதன்

திருவிழா. வெள்ளிக்கிழமை காப்புக் கட்டியாயிற்று. மாவிடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் அவர் நின்றார். கையில் மஞ்சள் கார்டு.

"உனக்குத்தான் டீச்சரு."

முதலில் அவர் மணிக்கட்டைத்தான் பார்த்தேன். காப்பு இல்லை. ஊருக்காகக் கட்டியதை ஊர்த் தலைவர் பாதியில் அவிழ்த்ததாக இந்தக் கரையில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

"தோணி நிக்கிது. பொன்னேரி பஸ் பத்தரைக்கு. தனசேகரு கடல்ல கீறான், சேதி சொல்லி அனுப்பிட்டேன். கெளம்பு."

அவரே கழி போட்டார். வயது அறுபதுக்கு மேல், மூச்சு வாங்கியது. பாதி ஏரி வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. பயத்தில் வந்ததா, என்ன என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

"உங்க ஊட்டம்மா கார்ட ஒன்பது நாளு நான் மறைச்சு வெச்சிருந்தேன். வேணும்னே."

அவர் கழியை நிறுத்தவில்லை.

"தெரியும். ரயில்லயே பாத்தேன். எழுத்துதான் தெரியாது, முத்திரையில நம்பரு தெரியும். நாளு எண்றதுதான என் வேல."

"அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நீ ஒன்பது நாள்ல எடுத்துக் குடுத்துட்ட. நான் குடுக்கவேயில்லியே."

அவரை நான் மன்னிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கரையில் லத்தீபா குடையோடு காத்திருந்தாள்.

இதை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். டாக்டரம்மா பார்த்துவிட்டார், ஆரம்பம்தான் என்கிறார். நாளைக்கு ஆபரேஷன்.

கார்டைத் திருப்பிப் பார்த்தேன். பழவேற்காடு முத்திரை, மே 6. காலைத் தபால்.