பகல் தேரில் நின்ற கால்கள்

சம்பந்தி,

இன்று காலை பீரோவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. துவைத்துக் காய்ந்த சிவப்புக் கோட்டை மடித்து வைக்கத்தான் திறந்தேன். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மே மாத வெயிலில் கழுத்து வரை பொத்தான் போட்டு இந்தக் கோட்டை மாட்டிக்கொள்ள நம் பேண்டு செட்டை விட்டால் ஒலக்கூர்ப் பக்கம் யாருக்கு மனம் வரும்? உங்கள் மகள் எனக்கு மருமகளாக வந்த பிறகும் செட்டுக்குள் நீங்கள்தான் மாஸ்டர், ட்ரம்பெட். நான் பெரிய டிரம், திட்டு வாங்குகிறவன். இந்த வருஷத்துப் பகல் தேரைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் நீங்கள் விழுந்த வருஷத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்றைக்கு நீங்கள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நானும்தான். "கோட்டு பேண்டு மாட்டிக்கினு, சாமி தேர முன்னாடி வெச்சிக்கினு எங்க சம்பந்தி ஒதுங்கறது?" என்பீர்கள். நம் செட்டில் எழுதாத சட்டம் அது. எங்கள் ஊர் மாதா கோயில் தேர் முச்சந்தியில் நின்றது. சாமியார் செபம் சொல்லத் தொடங்கினார். அவர் செபம் லேசில் முடியாது. மாஸ்டர் என்றால் அசையக் கூடாது என்று நீங்கள் முழங்காலை விறைத்துக்கொண்டு சிலை மாதிரி நின்றீர்கள். செபம் முடிந்ததும் பாட்டின் முதல் சுரத்தை மூச்சடக்கி இழுத்தீர்கள். முதலில் ட்ரம்பெட் விழுந்தது, பிறகு நீங்கள்.

நாங்கள் பதறிப்போய் உங்களைத் தூக்கி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். கண்ணைத் திறந்தீர்கள். யாரோ சோடா நீட்டுவதற்குள் மறுபடியும் தலை தொங்கிவிட்டது. அப்போதுதான் எனக்கு உயிரே போய்விட்டது.

ஆனால் அன்று வெயிலை விட அதிகமாகச் சுட்டது ஊர்ப் பேச்சுதான். விழாக் குழுவில் "அடுத்த வருஷம் வேற செட்டு பாத்துடலாம்" என்றார்கள். உங்கள் மகளோ, "அப்பா இனிமே ட்ரம்பெட்ட தொட்டா நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று அழுதாள். யாரிடமும் மல்லுக்கு நிற்கும் நீங்கள் வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்தைப் பொறுக்க முடியாமல்தான் உங்களைத் திண்டிவனத்துக்கு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

உங்களை நிற்க வைத்தும் படுக்க வைத்தும் பிரஷர் பார்த்த அந்த அம்மா, நீங்கள் தினமும் போடும் பிரஷர் மாத்திரையின் சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்த மாத்திரைய எப்போ கூட்டிக் குடுத்தாங்க?" என்று கேட்டார்கள்.

"மார்கழில மேடம். கிறிஸ்மஸ் பாட்டுக்கு விடியக்காலைல மயிலம் ரோட்டுல பனியில சுத்திக்கினு இருந்தோம். அப்போ பிரஷர் ஏறிப்போச்சின்னு கூட்டினாங்க" என்றீர்கள்.

"குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும். உடம்பு சூட்ட வெளிய விடாம புடிச்சி வெக்குது. அதனால பிரஷர் ஏறும். வெயில்ல நேர்மாறு. சூட்ட வெளிய தள்ள ரத்தம் தோலுக்கு ஓடும், குழாய் விரியும், பிரஷர் எறங்கும். நீங்க மார்கழி மாத்திரைய அப்படியே மே மாசத்துக்கும் போட்டுக்கினு, தண்ணியும் குடிக்காம, காலை அசைக்காம நின்னிருக்கீங்க. ரத்தமெல்லாம் கால்ல தங்கிடுச்சி. அந்த நேரம் பாத்து மூச்ச வேற அடக்கி ஊதினீங்க. தலைக்கு ரத்தம் எப்படிப் போவும்?"

நீங்கள் தலை குனிந்துகொண்டே, "வயசாயிடுச்சி மேடம். அதான் விழுந்துட்டேன்" என்றீர்கள்.

"விழுந்தது நல்லதுக்குத்தான். படுத்தா ரத்தம் தலைக்குத் திரும்பும். உடம்பு தானாவே படுத்துக்கிச்சி. இவங்கதான் உங்கள தூக்கி உக்கார வெச்சாங்க" என்று என்னைக் காட்டினார்கள். உங்கள் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு மாஸ்டர் திரும்பி வந்திருந்தார். "கேட்டுக்கினீங்களா சம்பந்தி? நான் விழல. படுத்துக்கினேன். பேஜாரு பண்ணது நீங்க!"

டாக்டரம்மா மாத்திரையைக் குறைத்தார்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது, வெயில் தொடங்கும்போதும் பனி தொடங்கும்போதும் வந்து காட்டணும் என்றார்கள். நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார்கள். கெண்டைக்கால் சதை ரத்தத்தை மேலே தள்ளுமாம்.

விழாக் குழுவிடம் நீங்களே போய், "இந்த ஒரு வருஷம் குடுங்க. நடுவுல உக்காந்துட்டேன்னா அடுத்த வருஷம் நானே வேற செட்ட கூட்டாறேன்" என்று சவால் விட்டதும், மகள் தண்ணீர் பாட்டிலோடு கூடவே நடப்பேன் என்று ஒத்துக்கொண்டதும் நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. மறு வருஷம் தேர் நின்ற இடமெல்லாம் செட்டு மொத்தமும் குதிகாலைத் தூக்கி இறக்கியது. "இன்னாடா, டான்ஸ் ஆடறானுங்க" என்று சிரித்தார்கள். நீங்கள் சட்டை செய்யவில்லை. கோயில் வாசலில் தேர் நிலைக்கு வந்தபோது கடைசிச் சுரத்தை நடுவில் மூச்சு வாங்கி வாங்கி, ஆனால் அறுபடாத மாதிரி, ஊரே கைதட்டும் வரை ஊதினீர்கள். உங்கள் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் தாளத்தை விட்டுவிட்டேன். அத்தனை வெற்றிக்கு நடுவிலும், "ஏன் சம்பந்தி, தூங்கறீங்களா?" என்று ஒரு திட்டு.

அதற்குப் பிறகும் சில பகல் தேர்கள் வாசித்துவிட்டுத்தான் போனீர்கள். போன மழைக்காலத்துக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை. என்னைத் திட்ட ஆள் இல்லை.

இப்போது மாத்திரை எனக்கும் உண்டு. வெயில் தொடங்கியதுமே போய்க் காட்டிவிட்டு வந்தேன். தேரன்று வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன். எங்கே ஒதுங்குவது என்ற கவலையைத் தூக்கிப் போட்டேன். தெருவுக்குத் தெரு வீடு இருக்கிறது, கதவைத் தட்டினால் திறக்க மாட்டார்களா? கிளியனூரிலிருந்து வந்த புது ட்ரம்பெட்காரர் முச்சந்தியில் எங்கள் கால்களைப் பார்த்துவிட்டு, "இது இன்னா ஸ்டைலு?" என்றார். "எங்க மாஸ்டர் ஸ்டைலு. நீயும் ஜல்தியா தூக்கு" என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன் சம்பந்தி. மெழுகுவத்தி ஏந்திய பெண்கள், தேர் வடம் பிடித்தவர்கள், அன்றைக்குச் சிரித்த விழாக் குழுக்காரர்கள், எல்லாரும் செபத்தைக் கேட்டபடியே குதிகாலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். சாமியாரின் வெள்ளை அங்கியும் மேலும் கீழும் ஆடியது. யார் சொல்லிக்கொடுத்தது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் கொடுமையான வெயிலில் தேர் நிலைக்கு வரும் வரை ஒருவர்கூட விழவில்லை. நானும் விழவில்லை. கிழிந்தால் கிழியட்டும் என்று டிரம்மை ஓங்கி அடித்தேன்.