சாத்திய கதவுக்குள் பார்த்த சோதனை

தங்கச்சி,

நேற்றுப் பேத்தி தன் மகளைக் காது சோதனைக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன். பிள்ளையின் தலையில் ஹெட்போன் மாட்டி, பசார் இரைச்சல் மாதிரி ஒன்றை ஓடவிட்டு, நடுவே வந்த சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். பிள்ளை முழித்தது. அது உன் முழி.

சோதித்த பெண் சொன்னாள்: "காது நல்லாத்தான் இருக்கு பாட்டி. இரைச்சல்ல பேச்சைப் பிரிச்செடுக்க மூளைக்குச் சிரமம். இன்னும் ரெண்டு மூணு சோதனை செஞ்சுதான் உறுதியா சொல்லணும். பயிற்சி இருக்கு, பயப்படாதீங்க லா."

லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில், நம் லயத்து வீட்டு வரிசை ரப்பர் மரங்களுக்கு நடுவே தனியாக இருந்தவரை உன்னிடம் ஒரு குறையுமில்லை. கதை சொன்னால் சொல் விடாமல் திருப்பிச் சொல்வாய். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொடுக்கக்கூடாதென்று, வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் எல்லா லயத்தையும் பிரித்து ஒரே முள்கம்பி வேலிக்குள் நெருக்கிக் கட்டினார்கள். பள்ளிக்கூடமும் உள்ளேயே, ஒரு தகரக் கொட்டகை. மூன்று வகுப்பும் சேர்ந்து கத்திப் படிக்கும். அங்கே வாத்தியார் கேட்ட எதற்கும் உன்னிடம் பதிலில்லை. வேலியோரம் ஒதுக்கி நான் தனியாகச் சொன்னால் எல்லாம் புரிந்தது.

அம்மா நம்மைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடம் கூட்டிப்போனாள். அவர் மருந்தறைக் கதவைச் சாத்தி, உன் முதுகுக்குப் பின்னால் நின்று பாட்டிலைக் கரண்டியால் தட்டினார். திரும்பினாய். முணுமுணுத்தார். அப்படியே சொன்னாய்.

"பாம்புக் காது. இது நடிக்குது. நாலு போடும்மா, சரியாயிடும்."

"வெளியில சத்தத்துல வச்சுக் கேளுங்கய்யா," என்றேன்.

"நீ யாரு, பெரிய டாக்டரம்மாவா?"

அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. மறு வாரமே உன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திப் புல் பிடுங்க அனுப்பினார்கள். டிரஸ்ஸர் செத்தபோது தோட்டமே சாவு வீட்டுக்குப் போனது. நான் போகவில்லை.

என்னையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். திரும்பி வரும் வழியில் நீ கேட்டாய்: "அக்கா, நான் நெசமாவே நடிக்கிறேனா?" எனக்கு எல்லாம் தெரியும். இருந்தும் படித்த மனிதர் சொல்லிவிட்டாரே என்று கொஞ்சம் யோசித்தேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு ஒருநாளும் அதை நீ கேட்கவில்லை.

இப்போதும் யாரோடு பேசினாலும் கிட்டே போய், முகம் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். "நான் என்ன செவிடா பாட்டி?" என்று பேத்தி கேலி செய்கிறாள். அவர்கள் வேலைக்குப் போனதும் வீட்டில் ஒரு சத்தமும் இருப்பதில்லை. நீ உயிரோடு இருந்தால், இங்கே எதைச் சொன்னாலும் உனக்குப் புரியும்.

இல்லடி. நீ நடிக்கல.

அக்கா